வேட்டை நின்றுவிடும், கூப்பிடாதே

பாங்யோ
2018 மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

போரம் எழுதுகிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? மேட்டுத் தெரு வீடுகளுக்கு இன்னும் நீங்களேதான் கேஸ் சிலிண்டர் சுமக்கிறீர்களா? அத்தையிடம் கேட்டால், "உங்க மாமாவுக்கு முட்டின்னு ஒண்ணு இருந்தாத்தானே வலிக்கும்? அது போயே ரெண்டு வருஷமாச்சு" என்கிறார். நான் நலம். தூக்கம்தான் குறைவு.

இந்தப் பொட்டலத்தில் நாற்பது அழைப்பு அட்டைகள் இருக்கின்றன. நீங்களும் உங்கள் ஆட்களும் கம்ப்யூட்டரில் பல வருடம் கட்டி ஆண்ட ‘வெண்கோட்டை’ விளையாட்டை எங்கள் கம்பெனி இப்போது கைப்பேசியில் கொண்டுவருகிறது. வெளியிடுவதற்கு முன்னால் பழைய ஆட்டக்காரர்களை மட்டும் அழைத்து ஆடவிட்டுப் பார்க்கிறோம். ஒரு அட்டைக்கு ஒரு வீரன். இலையுதிர் காலம் வரைக்கும் இந்தச் சோதனை நடக்கும்.

மாமா, என்னுடைய கேள்வி ஒன்றுதான். பழைய ஆட்கள் புது விளையாட்டுகளுக்கு ஆசையாக வருகிறார்கள், ஒரு மாதம்கூடத் தங்குவதில்லை. ஏன்? இப்போதைய விளையாட்டில் ‘தானே ஆடு’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் வீரன் தானே நடப்பான், தானே அடிப்பான், தானே பொறுக்குவான். நாம் வேடிக்கை பார்த்தால் போதும். அதனால்தான் சலித்துப்போகிறது என்பது என் சந்தேகம். அதற்காக நான் ஒரு நெருப்பு வைத்திருக்கிறேன். காட்டின் நடுவில் ஒரு முகாம் தீ. அங்கே பொத்தான் வேலை செய்யாது. கையால் நடத்திக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். கூட்டம் கூடக்கூடக் காயம் சீக்கிரம் ஆறும். எங்கள் டீம் லீடர் கி, "உக்கார யாருக்கு நேரம் இருக்கு?" என்கிறார். சோதனையில் யாரும் அங்கே வரவில்லையென்றால் நெருப்பை எடுத்துவிடுவார்கள். எங்கள் நாலு பேர் டீமையும் கலைத்துவிடுவார்கள்.

ஆடிப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெருமை பேசாமல். இந்த ஒரு தடவை மட்டும்.

உங்கள் மருமகள்,
போரம்

*

தோங்யோங்
மார்ச் 19

என் அக்கா பெற்ற ஒரே அறிவாளி போரமுக்கு,

மாமன் மான்சிக் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும், உன் அத்தையும், வாசலில் கிடக்கும் கடலும் சௌக்கியம். என் முட்டியைப் பற்றி உன் அத்தை சொல்வதை நம்பாதே. நேற்றுகூட இரண்டு சிலிண்டரை இரண்டு தோளிலும் வைத்துக்கொண்டு ஓடினேன். பார்த்த ஜனம் கை தட்டியது.

அட்டைகள் வந்து சேர்ந்தன. நீ நாற்பதுதான் அனுப்பினாய், எனக்கு நூறு வேண்டியிருந்தது. சங்கதி ஊரில் பரவியதும் என் கடை வாசலில் வரிசை. "தலைவரே, எனக்கொண்ணு! தலைவரே, எனக்கொண்ணு!" பல்வலி வந்தாள். பல் ஆஸ்பத்திரி நர்ஸ் பல்வலியை உனக்கு நினைவிருக்குமே? திங்கட்கிழமை வந்தான். பஸ் டிரைவர், வாரத்தில் அன்றைக்குத்தான் அவனுக்கு லீவு, அதனால் ஆட்டத்திலும் அதையே பெயராக வைத்துக்கொண்டவன். இத்தனை வருடத்தில் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் நம் கணவாய். அவன் பேரில் முதல் அட்டையை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். நாற்பது பேரும் இராப்பகலாக ஆடுகிறோம். நாங்கள் நூறு நாள் வெண்கோட்டையை விடாமல் பிடித்து வைத்திருந்தோமே, அதே வெறி.

ஒரு விஷயம். இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே. வேட்டை நடக்கும்போது அழைப்பு வந்தால் திரை மறைந்து, வீரன் அப்படியே மரம் மாதிரி நிற்பான், காட்டுப்பன்றி குத்திக் குடலை எடுத்துவிடும். உன் அம்மா முந்தாநாள் கூப்பிட்டு என் வீரனைக் கொன்றுவிட்டாள். அதனால் கடிதம் எழுது. கடிதம் யாரையும் கொல்லாது.

காய்ந்த கணவாய் மீன் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். மென்றுகொண்டே வேலை பார்.

உன் மாமன்,
வெண்கோட்டைத் தலைவன் பியோ மான்சிக்

*

பாங்யோ
ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

கணவாய் வந்தது, ஆபீசே மணத்தது. பக்கத்து மேசைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டே பாதியைத் தின்றுவிட்டான். உங்களுக்கும் அத்தைக்கும் உடம்பு எப்படி? எனக்கு மணிக்கட்டில் சின்ன வலி, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கைப் பார்த்து இங்கே எல்லோரும் வாயடைத்துப் போயிருக்கிறோம். அட்டை நாற்பதும் பதிவாகவில்லை, பதினொன்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தப் பதினொரு பேரும் நாளெல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். சாப்பிடக்கூட எழுந்து போகமாட்டார்களா? திங்கட்கிழமை மாமா பஸ்ஸை யாரிடம் கொடுத்துவிட்டு ஆடுகிறார்? (போன தடவை கோட்டையை அறுபது நாள் பிடித்ததாகச் சொன்னீர்கள். இப்போது நூறு.)

ஆனால் ஒருவர்கூட நெருப்புப் பக்கம் வரவில்லை, மாமா. ஒரு வார்த்தை பேசிக்கொள்வதும் இல்லை. அந்தக் காலத்தில், மணிக்கணக்கில் கம்ப்யூட்டர் வாடகைக்குத் தரும் பிசி கடையில் என்னை மடியில் வைத்துக்கொண்டு ஆடும்போது ஓயாமல் தட்டச்சு செய்துகொண்டே இருப்பீர்களே. என்னதான் எழுதுவீர்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது.

போரம்

*

தோங்யோங்
மே 13

அருமை மருமகளே,

உடம்பைப் பார்த்துக்கொள். மணிக்கட்டில் வெந்நீர் ஊற்று. நான் நலம்; உன் அத்தை நலம், வாய் மட்டும் ஓயவில்லை.

யாரும் பேசவில்லை என்று கேட்டிருக்கிறாய். பேச நேரமெங்கே? வேட்டை அப்படி. எங்கள் ஆட்கள் இப்போது பேசாமலே ஒருவர் மனதை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள், அந்த அளவுக்கு முற்றிவிட்டது சிநேகம். அறுபது நாள் என்றது முதல் தடவை பிடித்தது. நூறு என்றது இரண்டாம் தடவை. குறித்துக்கொள்.

அந்தக் காலத்தில் என்ன எழுதினோம் என்றா கேட்கிறாய்? இதைக் கேள். இரும்புநரி என்று ஒருவன் எங்கள் கோட்டையைப் பறித்தான். பறித்ததோடு போகாமல் என்னைப் பார்த்து, "தைரியம் இருந்தா நேர்ல வாடா" என்று எழுதிவிட்டான். நானும் கணவாயும் கேஸ் வண்டியை எடுத்துக்கொண்டு தேஜான் வரைக்கும் போனோம். வண்டியில் இருபது முரடர்கள், கையில் தடி. (கணவாய் கேட்டால் நாங்கள் இரண்டு பேர்தான் என்பான். அவனுக்கு எண்ணத் தெரியாது.) போய்ப் பார்த்தால் இரும்புநரி என்பவன் பன்றிச் சூப்புக் கடை வைத்திருக்கும் ஒல்லிப்பிச்சான். இடுப்பில் பூப்போட்ட துணி. எங்களைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றான்.

கணவாய் மூன்று கிண்ணம் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். திரும்பி வரும்போது, "அண்ணே, கோட்டைய அவனே வச்சுக்கட்டும்ணே, சூப்பு நல்லாருக்கு" என்றான். அப்புறம் இரண்டு வருடம் இரும்புநரி மாதம் ஒரு தடவை தோங்யோங்குக்குச் சிப்பி தின்ன வருவான். ஆட்டத்தில் வெட்டிக்கொள்வோம், கரையில் சேர்ந்து சோஜு குடிப்போம்.

இப்போது யாரும் யாரையும் நேரில் கூப்பிடுவதில்லை. அவ்வளவு மரியாதை வளர்ந்துவிட்டது.

உன் மாமன்,
மான்சிக்

போரம் கண்ணு, அத்தை எழுதுறேன். கவர ஒட்டுறதுக்கு முன்னாடி கிடைச்சுது. இவரு ஆடுறதா எழுதியிருக்காரா? பாக்குறாரும்மா, ஆடல. மீன்தொட்டி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. மீனுக்காவது நாம தீனி போடணும்.

*

பாங்யோ
ஜூன் 17

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இருவரும் நலமா? மழைக்காலம் தொடங்குவதற்குள் கடைக் கூரையைப் பாருங்கள். எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போது விட்டுவிட்டது. ஆபீசிலிருந்து எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமைதான்.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கு வந்த பழைய ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தெகுவிலிருந்து வந்த குழு, இஞ்சோனிலிருந்து வந்த குழு, எல்லாம் மூன்றாவது வாரத்தோடு சரி. நிற்பது தோங்யோங் மட்டும்தான். பதினொரு பேரும் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணிநேரம் ஆடுகிறார்கள், ‘தானே ஆடு’ பொத்தானில் ஆடுகிறார்கள், நெருப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கூட்டத்தில் கி உங்கள் ஆட்ட நேரத்தை வரைந்த கோடு ஒன்றைத்தான் திரையில் காட்டினார். "பாருங்க, நிஜமான பழைய ஆட்டக்காரங்களுக்கு இதான் வேணும். பொத்தான் போதும். போரம், உங்க நெருப்பு யாருக்கு?" என்றார். என் சொந்த மாமாவும் அவர் ஆட்களும் எனக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வேன்?

உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் பிடித்திருக்கட்டும், மாமா. அதை உங்கள் வாயால் கேட்கவேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு வரி வாங்கி அனுப்புங்கள். முக்கியமாகக் கணவாய் மாமாவிடம். அவர் பொய் சொல்ல மாட்டார். சின்னப் பிள்ளையில் என் வாயில் கணவாய்க் கால் ஒன்றைத் திணித்துவிட்டு, அம்புக்குறி விசையை அமுக்கச் சொல்வார். "கொஞ்சம் வலதுபக்கம் புள்ள, வலதுபக்கம்" என்பார். நான் அமுக்கினதால்தான் கோட்டை விழவில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போரம்

*

பாங்யோ
ஜூலை 22

மாமாவுக்கு,

போன கடிதம் கிடைத்ததா? ஒரு மாதம் ஆகிறது. வெயில் கொல்கிறது. நீங்கள் சிலிண்டர் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதை நினைத்தாலே எனக்கு மயக்கம் வருகிறது. அத்தைக்கு உடம்பு சரியில்லையா? பயந்து போய்ப் போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. உங்கள் வீரனைக் கொன்றிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரி போதும்.

போரம்

*

தோங்யோங்
ஆகஸ்ட் 12

போரமுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீ கவலைப்படாதே. இந்த வெயிலில் கடலே சூப்பு மாதிரி கொதிக்கிறது, மீன் எல்லாம் வெந்து மிதக்கிறது. சாப்பாட்டுக்குக் கையை நீட்டினால் போதும். மின்விசிறி ஒன்று பழுதாகிவிட்டது, இன்னொன்று வேறு வேலையில் இருக்கிறது. உன் அத்தை அட்டையால் விசிறிக்கொண்டு என்னைப் பார்க்கும் பார்வையை இங்கே எழுத முடியாது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை. பெரிய மனிதனுக்கு வேலை அதிகம்.

கணவாயிடம் கேட்டேன். கரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் சொன்னான்:

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லுண்ணே. பழைய ஆட்டத்துல நான் செத்தா, ஊர்லேந்து திரும்பி நடந்துவர அரைமணி ஆகும். அது வரைக்கும் எல்லாரும் காட்டுல உக்காந்துக்கிட்டு, ‘கணவாய் எங்கடா, எந்தப் பாலத்தத் தாண்டினான், சீக்கிரம் வரச்சொல்லு’ன்னு என்னையத் திட்டிக்கிட்டே கெடப்பாங்க. அந்தத் திட்டு வாங்கத்தான் நான் வந்தேன். இதுல நான் செத்தா யாருக்கும் தெரியாது. ஆட்டம் பாட்டுக்கு ஓடும்."

இவ்வளவுதான் சொன்னான். மற்றவர்கள் எல்லாம் ரொம்ப நல்லாயிருக்கு என்கிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் அசதி. வெயில்தான்.

மாமன்

*

பாங்யோ
செப்டம்பர் 28

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டு எழுத வேண்டியதில்லை, மூன்று நாளைக்கு முன்னால்தான் பார்த்தேன். சூசோக் பண்டிகைக்கு வரமுடியாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பஸ் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். நீங்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, "சொல்லாம வந்துட்டியே, ஊரையே திரட்டி வரவேற்றிருப்பேனே" என்றீர்கள். நானும் சிரித்தேன். சாப்பிட்டேன். மறுநாள் கிளம்பினேன். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் வருவதற்கு முன்னால் அரிசி எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். அலமாரியில் பதினொரு பழைய போன்கள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் சார்ஜ் வயர். எதிரே மின்விசிறி, அவற்றுக்குக் காற்று வீசிக்கொண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் உங்கள் கோணல் எழுத்து. பல்வலி. திங்கட்கிழமை. இப்படியே. பதினொரு வீரர்களும் பதினொரு காட்டுப்பன்றிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க யாருமே இல்லை.

ஓரத்தில் இருந்ததில் கணவாய் என்று எழுதியிருந்தது. "கணவாய் மாமாவும் போனை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை அரிசி அளப்பதை நிறுத்திவிட்டார். "நம்ம கணவாய் கில்ஹோவா? அவன் போய் மூணாவது வசந்தம்டி. ஈரல்ல கட்டி. உனக்குப் பரீட்சை நேரம்னு உங்க மாமா சொல்லவேணாம்னுட்டாரு. அப்புறம் சொல்லவே இல்ல போல."

கணவாய் மாமா சொன்னதாக நீங்கள் எழுதிய வரிகளை அச்சடித்து என் மேசையில் ஒட்டிவைத்திருக்கிறேன், மாமா. கிழிக்க மனம் வரவில்லை.

இப்போது என் நிலைமை. அக்டோபர் பதினெட்டு வியாழக்கிழமை காலைப் பராமரிப்பில் நெருப்பை எடுக்கிறார்கள். தோங்யோங்கில் ஆட்களே இல்லை, அலமாரிதான் இருக்கிறது என்று நான் கியிடம் சொன்னால், அந்தக் கோடு முழுக்கப் பொய் என்று ஆகும். நெருப்புக்கு ஒருவேளை உயிர் வரும். ஆனால் போலி என்று தெரிந்தால் பதினொரு கணக்கையும் உடனே அழித்துவிடுவார்கள். கணவாய் மாமாவையும்.

சொல்லவா, வேண்டாமா? யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தூங்கினேன்.

போரம்

*

தோங்யோங்
அக்டோபர் 4

போரமுக்கு,

நீ சாப்பிட்டாயா? உன் முகம் வற்றிப்போய்விட்டது என்று உன் அத்தை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் அன்றைக்கே கவனித்தேன்.

அலமாரி பலமாக இருக்கிறதா, இல்லையா? நானே அடித்தது. தோங்யோங் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு அலமாரி கிடையாது.

சரி. மார்ச் மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாற்பது பேருக்கும் தகவல் சொல்லப் பார்த்தேன். பாதிப்பேர் நம்பரே மாறிவிட்டது. வந்தது நாலு பேர். என்னோடு ஐந்து. கடையில் உட்கார்ந்து ராம்யன் நூடுல்ஸ் போட்டு, சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தோம். திங்கட்கிழமை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"தலைவரே, இதுல நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணவேணாம்டா. பொத்தான அமுக்கு."

"அமுக்கிட்டேன். இப்ப?"

"இப்ப அவனே போவான்."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

பல்வலி மட்டும் ஒரு வாரம் வந்தாள். பரிசு வந்திருக்கிறது என்று திரை மூலையில் வருமே, அவளுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி ஆகாது. "எங்க பாத்தாலும் புள்ளி. இதத் தொடு, அதத் தொடு, பரிசு வாங்கு, நன்றி சொல்லு. ஆஸ்பத்திரில நாள் பூரா இதான் பண்றேன், வீட்டுக்கு வந்தும் இதேயா?" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். கோபமாக யாரும் போகவில்லை. சண்டை போட்டுக்கொண்டாவது போயிருந்தால் நானும் போய் இழுத்து வந்திருப்பேன். எப்படிச் சொல்வது? அந்த விளையாட்டு யாரையும் ‘இரு’ என்று சொல்லவே இல்லை.

உனக்கு அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆள் வராவிட்டால் உன் டீமைக் கலைப்பார்கள் என்று எழுதியிருந்தாய். சரி, ஆளை நான் காட்டுகிறேன் என்று பழைய போன்களாக வாங்கி அடுக்கினேன். அவர்களையெல்லாம் கையால் நெருப்புக்கு நடத்திக் கொண்டுபோய் உட்காரவைக்கவும் பார்த்தேன். பதினொன்றில் ஒன்றை நடத்திப் போவதற்குள் மற்றது வழிதவறிவிடும். எனக்கு இரண்டு கைதான். அப்போதே தெரிந்திருக்கவேண்டும், உன் நெருப்புக்கு ஆள் வேண்டும் என்று.

கணவாய்க்கு ஏன் போன் வைத்தீர்கள் என்று நீ கேட்கவில்லை. நீ நல்ல பிள்ளை.

கியிடம் சொல்லிவிடு. கணவாயை அழித்தால் அழிக்கட்டும். வெண்கோட்டையில் ஒரு நாளைக்கு இருபது தடவை செத்தவன், இதெல்லாம் அவனுக்கு ஒரு சாவே இல்லை. ஆனால் ஒன்று செய். பதினேழாம் தேதி புதன்கிழமை வரைக்கும் பொறு. வியாழன் காலையில் சொல். புதன் சாயங்காலம் கொஞ்சம் வேலை இருக்கிறது எங்களுக்கு.

மாமன்

*

பாங்யோ
அக்டோபர் 21

அன்புள்ள மாமா,

உடம்பு எப்படி? அத்தைக்கு மின்விசிறி திரும்பக் கிடைத்ததா? இனி குளிர்தான், பரவாயில்லை.

வியாழன் காலை நான் ஆபீசுக்குள் நுழையும்போதே கி திரையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தோங்யோங் கோடு தரைவரைக்கும் விழுந்து கிடந்தது.

"போரம், என்ன ஆச்சு இவங்களுக்கு? புதன் சாயங்காலத்துலேந்து ஒரு அடி இல்ல, ஒரு பன்னி சாகல. எல்லாரும் நின்னுட்டாங்க."

"நிக்கல சார். உக்காந்திருக்காங்க."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஆளுங்க வந்திருக்காங்கன்னு அர்த்தம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, பிளாஸ்திரி, மின்விசிறி. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, நெருப்பைச் சுற்றி நீங்கள் பேசியதையெல்லாம் முதலிலிருந்து படித்தார். உங்கள் முட்டி, திங்கட்கிழமை மாமா பஸ்ஸில் யாரோ விட்டுப்போன ஆமை, இந்த வருடம் முட்டைக்கோஸ் விலை, கிம்ச்சிக்கு யார் வீட்டில் யார் வெட்டுவது, நீங்கள் வழி தவறி ஏரிக்குள் விழுந்தது, எல்லாரும் சேர்ந்து உங்களைத் திட்டியது. ஒரு மணிநேரப் பேச்சு. கடைசிவரைக்கும் படித்துவிட்டு, "இந்தப் பல்வலி யாரு? பயங்கரத் தமாஷா பேசுறாங்க" என்றார். ஒரு தடவை சிரிக்கவும் சிரித்தார். அப்புறம் மணியைப் பார்த்தார். பராமரிப்பு ஆரம்பித்தது. நெருப்பை எடுத்தார்கள். கணக்கு பதினொன்றையும் அழித்தார்கள். அவர் மேல் தப்பில்லை, மாமா. அவருக்கும் மேலே ஒரு திரை இருக்கிறது.

டீமைக் கலைத்தாகிவிட்டது. என்னை அன்றாடப் பரிசுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். சிவப்புப் புள்ளி எந்த மூலையில் வரவேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. பல்வலி அத்தையிடம் சொல்லாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். நெருப்பைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்ததாகப் பதிவில் இருக்கிறது. ஐந்து பேர் பேசியிருக்கிறீர்கள். அன்றைக்குக் கடையில் இருந்தது உங்களோடு சேர்த்து ஐந்து பேர்தான் என்று அத்தையும் சொன்னார். ஆறாவது ஆள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

போரம்

*

தோங்யோங்
நவம்பர் 3

போரமுக்கு,

நாங்கள் நலம். ஆமையும் நலம், திங்கட்கிழமை அதைத் தானே வளர்க்கப்போகிறானாம்.

உனக்குத்தான் தெரியுமே, பின் ஏன் கேட்கிறாய்? இருந்தாலும் சொல்கிறேன். மற்ற போன்களை எல்லாம் வயரிலிருந்து பிடுங்கி அணைத்துவிட்டேன். அவனுடையதை மட்டும் கையில் எடுத்தேன். பொத்தானை அணைத்ததும் அப்படியே நின்றான். ஏழு மாதம் நிற்காமல் அடித்தவன். உடம்பெல்லாம் தங்கக் கவசம், முதுகில் சிறகு, தலையில் எரியும் கிரீடம். உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல செருப்பு வாங்கத் துப்பில்லாதவன். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். நான் ஏரியில் விழுந்தது அவனை நடத்திக் கொண்டுபோகும்போதுதான். என் வீரனைப் பல்வலி பார்த்துக்கொண்டாள். ஒரு கையில் அவளுடையது, ஒரு கையில் என்னுடையது. காடு முழுக்கக் கையால் நடத்தினேன். "கணவாய் எங்கடா, எந்தப் பாலத்தத் தாண்டினான், சீக்கிரம் வரச்சொல்லு" என்று நாலு பேரும் திட்டிக்கொண்டே இருந்தார்கள். அதுவும் உன் கியின் பதிவில் இருக்கும், பார். கொண்டுபோய் எனக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் உட்காரவைத்தேன்.

அவ்வளவுதான். வியாழன் காலையில் திரை கறுத்துவிட்டது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் கரையில் உட்கார்ந்து சொன்னதாக எழுதினேனே, அதைக் கிழிக்காதே. அவன் சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

போன்களைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொண்டான். மின்விசிறியை உன் அத்தை தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாள், குளிரிலும். அலமாரியில் இப்போது முள்ளங்கி இருக்கிறது. என் போன் ஒன்றுதான் மிச்சம், அது சும்மாதான் கிடக்கிறது. உள்ளே யாரும் இல்லை. கூப்பிட்டால் யாரும் சாகமாட்டார்கள்.

சாயங்காலமாகக் கூப்பிடு. நான் மேட்டில் சிலிண்டரோடு இருந்தால் எடுக்க நேரமாகும். வைத்துவிடாதே, அடிக்கவிடு. வந்துகொண்டிருப்பேன்.

மாமன்